வெண்டைக்காய் வெல்க!

அமெரிக்காவில் ஒரு கல்லூரி தொடங்க நிலம் வேண்டும், பணம் வேண்டும், பேராசிரியர்கள் வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும். இவ்வளவும் சேர்ந்த பிறகும் விளையாட்டு அணிக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தால்தான் ஊர் அதைக் கல்லூரி என்று ஒப்புக்கொள்ளும். அதற்கென்று ஒரு கமிட்டி கூடும். காபி குடிக்கும். புலி, சிங்கம், கழுகு, கரடி என்று அடுத்த ஊர்க்காரன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்ட மிருகங்களில் ஒன்றைத் தானும் எடுத்துக்கொண்டு கலையும். அந்தப் பெயர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கமிட்டி மண்ணைக் கவ்விய இடங்களில்தான் கதை இருக்கிறது.

அப்படி மண்ணைக் கவ்வியவற்றில் தலையாயது சாண்டா குரூஸ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இந்தக் கிளை 1965-ல் ரெட்வுட் மரக் காட்டுக்குள் திறக்கப்பட்டது. அந்தக் காலத்துக்கு ஏற்ற கல்லூரி. மதிப்பெண் கிடையாது, மாணவன் என்ன படித்தான், எப்படிப் படித்தான் என்று ஆசிரியர் பத்தி பத்தியாக எழுதித் தருவார். மதிப்பெண்ணே வேண்டாம் என்றவர்கள் கோல் கணக்கு பார்ப்பார்களா? ஜெயிப்பது தோற்பது எல்லாம் பிற்போக்குத்தனம் என்ற மனநிலையில், காட்டுப் பாதையில் காலடியில் ஊர்ந்துகொண்டிருந்த பனானா ஸ்லக் என்ற ஓடில்லாத நத்தையைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள்.

நத்தையின் தகுதிகளைச் சொல்லியாக வேண்டும். வாழைப்பழ மஞ்சள். வளர்ந்தால் ஒரு சாண் நீளம், நன்றாக வளர்ந்தால் அதற்கு மேலும். ஆனால் ஒரு நிமிடத்தில் தன் நீளத்தைத் தானே கடக்காது. உடம்பெல்லாம் கொழகொழவென்று ஒரு திரவம். நாக்கில் பட்டால் நாக்கு மரத்துப்போகும். (இதைக் கண்டுபிடிக்க யாரோ ஒருவர் நக்கிப் பார்த்திருக்க வேண்டும். அவர் எந்தக் கல்லூரி மாணவர் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) ஒவ்வொரு நத்தையும் ஆணும் தானே பெண்ணும் தானே என்று அர்த்தநாரியாக வாழ்கிறது. எதிரணியைப் பார்த்து உறும வாய்ப்பில்லை. கடிக்கவும் போவதில்லை.

1980-களின் தொடக்கத்தில் கல்லூரி தேசிய அளவிலான போட்டிகளில் சேர்ந்தது. விண்ணப்பத்தில் அணியின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்போது வேந்தர் பதவியில் இருந்தவர் ராபர்ட் சின்ஷைமர். லேசுப்பட்ட ஆள் இல்லை; மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி. மனிதனின் மரபணுத் தொகுதி முழுவதையும் வரிசை பிசகாமல் படித்துவிட முடியுமா என்று பேச 1985-ல் இதே சாண்டா குரூஸில் அறிஞர்களைக் கூட்டியவர். மனித மரபணுவைப் படிக்கத் துணிந்தவருக்கு மாணவர் மனசைப் படிக்க வரவில்லை. நத்தையைக் கட்டத்தில் எழுதினால் மானம் போய்விடும் என்று, விளையாட்டு வீரர்களைக் கலந்துகொண்டு, கடல்சிங்கம் என்று எழுதிவிட்டார். சாண்டா குரூஸ் கடற்கரையில் கடல்சிங்கங்கள் உண்டுதான். கூடைப்பந்துத் தரையில் ஒரு கடல்சிங்கத்தை அழகாக வரைந்தும் வைத்தார்கள்.

அணி கடல்சிங்கத்தின் மேல் ஓடி விளையாடியது. சுற்றிலும் இருந்த கூட்டம் நத்தைக்குக் கத்தியது.

ஐந்தாறு வருடம் இந்தக் கூத்து நடந்தது. 1986-ல் மாணவர்கள் முறைப்படி வாக்கெடுப்பு நடத்தினார்கள். கடல்சிங்கத்துக்கு ஒரு ஓட்டு என்றால் நத்தைக்குப் பதினைந்து. வேந்தர் அப்போதும் விடவில்லை: ஆடுகிறவர்கள் அல்லவா பெயரைச் சுமக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும் என்றார். அவர்களைக் கேட்டால் அவர்களும் நத்தை என்றார்கள். சின்ஷைமர் கையைத் தூக்கிவிட்டார். தூக்கும்போதும் விஞ்ஞானியாகவே தூக்கினார். நத்தை இனத்தை மரபணு ஆராய்ச்சியால் மேம்படுத்தலாமே என்று ஒரு யோசனையும் சொல்லிவைத்தார். எட்டு வருடம் கழித்து, 1994-ல், ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில் ரத்தக்களறியான சட்டையைக் கழற்றிப்போட்டு ஜான் டிரவோல்டா மாட்டிக்கொண்டு வரும் டி-ஷர்ட், சாண்டா குரூஸ் பனானா ஸ்லக்ஸ். 2024-ல் மாநில அரசு பனானா ஸ்லக்கைக் கலிஃபோர்னியாவின் அதிகாரப்பூர்வ நத்தையாகவே சட்டம் போட்டு அறிவித்துவிட்டது. கடல்சிங்கத்தைப் பற்றித் தகவல் இல்லை.

சாண்டா குரூஸ்காரர்களாவது நத்தையை நேசித்தார்கள். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் சமுதாயக் கல்லூரி மாணவர்கள் செய்தது கலப்படமில்லாத வஞ்சம்.

1970-களின் தொடக்கம். கல்லூரி புத்தம் புதிது. வகுப்புக்குச் செலவழிக்க வேண்டிய பணம் விளையாட்டுக்குப் போகிறது என்று மாணவர் பேரவைக்கு ஒரே ஆத்திரம். வேறு ஊராக இருந்தால் பஸ் கண்ணாடி உடைந்திருக்கும். இவர்கள் நிதானமாக யோசித்தார்கள். அணிக்குப் பெயர் வைக்கும் உரிமை நம்மிடம்தானே இருக்கிறது? வாக்குச்சீட்டில் மூன்று பெயர்களைப் போட்டார்கள்: ஆர்ட்டிசோக், ருடபேகா என்ற கிழங்கு, அயோக்கியர்கள். மூன்றில் எது ஜெயித்தாலும் விளையாட்டுத் துறைக்குத் தூக்குதான். ஆர்ட்டிசோக் ஜெயித்தது. அது ஒரு முட்செடியின் பூ மொட்டு. பச்சைத் தாமரை மொட்டுக்குச் செதில் முளைத்த மாதிரி இருக்கும். வேகவைத்து, ஒவ்வொரு இதழாகப் பிய்த்து, அடியில் ஒட்டியிருக்கும் துளியூண்டு சதையைப் பல்லால் வழித்துத் தின்ன வேண்டும். அரைமணி நேரம் உழைத்தால் பசி அதிகமாகும். அணிக்கு நிறமாக இளஞ்சிவப்பையும் வெள்ளையையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆறடி உயரத் தடியர்கள் இளஞ்சிவப்பு உடையில் ‘சண்டைக்கார ஆர்ட்டிசோக்’ என்ற பெயரோடு மைதானத்தில் இறங்க வேண்டும் என்பது திட்டம்.

நிர்வாகம் முறுக்கிக்கொண்டது, மாணவர்கள் அதைவிட முறுக்கிக்கொண்டார்கள். கடைசியில் பெயர் நின்றது. நின்ற பிறகுதான் வேடிக்கை. விளையாட்டை அவமானப்படுத்த வைத்த பெயரை விளையாட்டுக்காரர்களே தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஆர்ட்டி என்ற பச்சை மொட்டு இன்றும் மைதானத்தில் குதித்துக்கொண்டிருக்கிறது. அதன் படம் போட்ட பனியனுக்கு நாட்டின் மறுகோடியிலிருந்தும் ஆள் வருகிறது. விளையாட்டுக்குப் போகும் காசை நிறுத்தப் புறப்பட்டவர்கள் அதற்குப் புதிதாக ஒரு வருமானத்தைத் தேடிக் கொடுத்தார்கள். போராட்டம் என்றால் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. இது இப்படி முடிந்தது.

ஸ்டான்ஃபோர்டு கதையில் மாணவர்களின் குறும்பு இன்னும் கூர்மையானது. நேராக நிறுவனரின் கழுத்துக்கே குறி வைத்தார்கள். 1930 முதல் அந்த அணிக்கு ‘இந்தியர்கள்’ என்று பெயர். அங்கே இந்தியர் என்றால் அமெரிக்கப் பூர்வகுடிகள். பெரிய மூக்கோடு ஒரு கேலிச்சித்திரமும் உண்டு. பூர்வகுடி மாணவர்கள், எங்கள் மூக்கை விட்டுவிடுங்கள் என்று மனுக்கொடுக்க, 1972-ல் பெயர் எடுக்கப்பட்டது. அது நியாயம், அதில் கேலிக்கு இடமில்லை. புதுப் பெயர் என்ன என்பதில்தான் சிக்கல். 1975-ல் மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பெயர் ‘கொள்ளைக்காரப் பிரபுக்கள்’.

லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு யார் என்று தெரிந்தால்தான் இது சுடும். கலிஃபோர்னியாவின் கவர்னராக இருந்துகொண்டே ரயில்வே கம்பெனியின் தலைவராகவும் இருந்த மகான். மலையைக் குடைந்து பாதை போட்ட சீனத் தொழிலாளிகளுக்குக் கூலி குறைவு. அவருக்கு லாபம் நிறைவு. 1869-ல் கண்டத்தின் இரு கரைகளும் ரயிலால் இணைந்தபோது தங்க ஆணி அடிக்கும் மரியாதையும் அவருக்கே. சுத்தியலை ஓங்கினார், ஆணியில் படவில்லை என்பார்கள். அந்தத் தலைமுறைக் கோடீஸ்வரர்களுக்கு அமெரிக்கச் சரித்திரப் புத்தகங்கள் கொடுத்த பட்டம்தான் ‘கொள்ளைக்காரப் பிரபு’. ஆக, மாணவர்கள் வைத்ததில் சரித்திரப் பிழை ஒன்றும் இல்லை. நிர்வாகம்தான் நன்கொடையாளர்களின் முகத்தை நினைத்துப் பார்த்து, முடியவே முடியாது என்றுவிட்டது. பிறகு 1981-ல் பல்கலைக்கழகத் தலைவர் டொனால்டு கென்னடி, அணியின் பெயர் கார்டினல் என்று தீர்த்துவைத்தார். அந்தப் பெயரில் ஒரு பறவை இருக்கிறது, பாதிரியாரும் உண்டு. இது இரண்டும் அல்ல. ஒரு சிவப்பு நிறம். உலகின் மிகப் புத்திசாலிகள் பத்து வருடம் சண்டை போட்டுக் கடைசியில் பெயிண்ட் டப்பாவில் ஒட்டும் சீட்டைக் கண்டுபிடித்தார்கள்.

நிறத்துக்கு வேஷம் கட்டி ஆட முடியாதே? அந்தக் குறையை வாத்தியக் குழு தீர்த்தது. ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியக் குழு, ஒழுங்குக்குப் பெயர்போனது அல்ல. 1975-ல் இடைவேளையில், புதுச் சின்னத்துக்கு இவர்கள்தான் வேட்பாளர்கள் என்று புகை கக்கும் சாக்கடை மூடி, உருளைக்கிழங்கு வறுவல், மரம் என்று வரிசையாக அறிமுகப்படுத்தினார்கள். மரம் ஒட்டிக்கொண்டது. பாலோ ஆல்டோ ஊருக்கே பெயர் கொடுத்த பழைய ரெட்வுட் மரம் பல்கலைக்கழக முத்திரையிலும் இருப்பதால் கொஞ்சம் நியாயமும் இருந்தது. மரமாக ஆக விரும்புகிறவர் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்குக் கோமாளித்தனம் செய்து குழுவை மயக்க வேண்டும். ஆனதும் உடையைத் தானே தைத்துக்கொள்ள வேண்டும். 2006-ல் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின்போது மரம் தள்ளாடியது. போலீஸ் ஊதச் சொன்னது. மரம் நிறையக் குடித்திருந்தது. பதவி போயிற்று.

சில கல்லூரிகளுக்கு இவ்வளவு கஷ்டம் இருக்கவில்லை. எதிரி வீட்டு வாசலில் பெயர் தயாராகக் கிடந்தது. இண்டியானாவில் வாபஷ் கல்லூரி இலக்கியமும் தத்துவமும் படிக்கும் கனவான்களின் இடம். பர்டியூ, இரும்பும் நெருப்பும் பழகும் பொறியியல் இடம். 1891-ல் பர்டியூ ஃபுட்பால் அணி வாபஷின் ஊரான கிராஃபர்ட்ஸ்வில்லுக்கே போய் 44-0 என்று சாத்திவிட்டு வந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரருக்கு வயிறு எரிந்தது. அப்பாவிகளைக் கொன்றுவிட்டார்கள் என்று புலம்பி, ஜெயித்தவர்களை ‘பாய்லர் அடிக்கிற தடியர்கள்’ என்று எழுதினார். பர்டியூக்காரர்கள் அதைப் படித்துவிட்டுப் பத்திரமாக வெட்டி வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை அவர்கள் பாய்லர்மேக்கர்ஸ்தான். தோற்றவர் திட்டியது ஜெயித்தவருக்குப் பட்டயம் ஆயிற்று.

வடக்குக் கரோலினாவில் சாத்தான்கள் வந்தது இதைவிடப் பக்திபூர்வமான கதை. டியூக் பல்கலைக்கழகம் அப்போது டிரினிட்டி கல்லூரி, மெதடிஸ்டு கிறிஸ்தவர்களுடையது. முதல் உலகப்போரில் நீல உடையணிந்த பிரெஞ்சு மலைப்படை வீரர்களுக்கு ‘நீலச் சாத்தான்கள்’ என்று பெயர் இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் மாணவர் பத்திரிகை அதை அணிக்குச் சூட்டப் பார்த்தது. பெரிய ஆதரவு இல்லை. ஆசிரியர் குழு யாரையும் கேட்காமல் அச்சில் ஏற்ற ஆரம்பித்தது. பாதிரிமார் பொங்குவார்கள் என்று காத்திருந்தார்கள், யாரும் பொங்கவில்லை. சும்மா இருந்ததே சம்மதம் ஆகிவிட்டது. பாப்டிஸ்டு கல்லூரியான வேக் ஃபாரஸ்ட் சும்மா இருக்குமா? 1923-ல் அவர்கள் டிரினிட்டியை வீழ்த்தியதும் அவர்களுடைய மாணவர் பத்திரிகை ‘பேய்ச் சபை மூப்பர்கள்’ என்று தன் அணியைப் புகழ்ந்தது. இரண்டு சபைகள், இரண்டு கல்லூரிகள். ஒரு பக்கம் சாத்தான், மறுபக்கம் பேய். கர்த்தர் யார் பக்கம் என்று கேட்க ஆளில்லை.

பெயருக்காக ஒரு ஜீவன் செத்த கதை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துடையது. சரியாகச் சொன்னால், செத்த பிறகுதான் அதன் கல்லூரி வாழ்க்கையே ஆரம்பம்.

ஜம்போ என்ற ஆப்பிரிக்க யானை 1865-ல் லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு வந்தது. குழந்தைகளை முதுகில் ஏற்றி ஏற்றி ஊரின் செல்லமாயிற்று. 1882-ல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னம் 2,000 பவுன் கொடுத்து வாங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விக்டோரியா ராணிக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். பலிக்கவில்லை. அமெரிக்காவில் மூன்றே வருடம். 1885 செப்டம்பர் 15 அன்று கனடாவின் செயின்ட் தாமஸ் ஊரில் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்த ஜம்போவைச் சரக்கு ரயில் மோதியது. குட்டி யானை ஒன்றைக் காப்பாற்றப்போய் உயிர்த்தியாகம் செய்தது என்று பார்னம் கதை கட்டினார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதைப் பார்னம் அளவுக்கு அனுபவித்தவர் கிடையாது: தோலைத் தனியாகப் பாடம் செய்தார், எலும்பைத் தனியாகக் கோத்தார், இரண்டையும் வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார். போதாதென்று லண்டனிலிருந்து ஆலிஸ் என்ற பெண் யானையை வரவழைத்து, இதுதான் ஜம்போவின் விதவை என்று பக்கத்திலேயே நிறுத்தினார்.

பார்னம் டஃப்ட்ஸ் கல்லூரியின் அறங்காவலர்களில் ஒருவர். ஆட்டம் காட்டி முடித்த தோல் ஜம்போ 1889-ல் கல்லூரி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. மாணவர்கள் பரீட்சைக்கு முன்னால் துதிக்கையில் சில்லறை போடுவார்கள், வாலைப் பிடித்து இழுப்பார்கள். இழுத்த இழுப்பில் வால் கையோடு வந்துவிட்டது. அணிகள் ஜம்போஸ் ஆயின. 1975 ஏப்ரலில் அந்தக் கட்டடம் தீப்பிடித்து ஜம்போ சாம்பலாயிற்று. முன்னமே பிய்ந்துபோன வால் மட்டும் ஆவணக்காப்பகத்தில் இருந்ததால் தப்பியது. மாணவர் தொல்லையால் ஒரு நல்லதும் நடந்தது.

இனி நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். விளையாட்டு அலுவலகத்தில் ஒருவருக்கு மனசு கேட்கவில்லை. இடிபாட்டிலிருந்து கொஞ்சம் சாம்பலை அள்ளி வரச் சொன்னார். போட்டு வைக்கக் கலசமா இருக்கிறது? கையில் அகப்பட்டது பீட்டர் பேன் கடலை வெண்ணெய் காலி ஜாடி. ஆறரை டன் யானை அதில் அடங்கிற்று. அன்றிலிருந்து ஆட்டத்துக்குப் போகும் வீரர்கள் அந்த ஜாடியைத் தடவிவிட்டுப் போகிறார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் ஓய்வுபெறும்போது புதியவரிடம் சாவிக்கொத்தோடு ஜாடியும் கைமாறுகிறது. கங்கையில் கரைக்கும் யோசனை எழவில்லை.

ஓஹையோவின் ஆக்ரன் ரப்பர் நகரம். அங்கே குட்ரிச் கம்பெனி 1920-களில் விற்ற, இழுத்து மூடும் ரப்பர் காலணிக்கு ஜிப்பர் என்று பெயர். ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மாணவர் போட்டியில் அதுவே அணிக்கும் பெயராக வந்தது. காலணியில் இருந்தவரை கௌரவம்தான். ஜிப்பர் மெல்ல மேலேறி ஆண்களின் கால்சட்டையில் போய் உட்கார்ந்ததும் மைதானத்தில் பெயரைக் கூவுவது தர்மசங்கடமாயிற்று. 1950-ல் வாலை நறுக்கி ஜிப்ஸ் என்றார்கள். பிறகு சின்னமாகக் கங்காருவைக் கொண்டுவந்தார்கள். ஏன் கங்காரு என்றால், வேகமாக ஓடும், வயிற்றில் பையும் இருக்கிறது. மேலே கேட்காதீர்கள்.

பருத்தி விளையும் தென்மாநிலங்களை உள்நாட்டுப் போருக்குப் பிறகு மண்டியிட வைத்தது மெக்சிகோவிலிருந்து வந்த காய்க் கூன்வண்டு. பருத்திக் காயைத் துளைத்துத் துளைத்துப் பல மாவட்டங்களை ஓட்டாண்டியாக்கியது. அலபாமாவின் என்டர்பிரைஸ் ஊர் பருத்தியை விட்டுக் கடலைக்கு மாறிப் பிழைத்துக்கொண்டு, 1919-ல் வண்டுக்கு நன்றி சொல்லி நடுத்தெருவில் நினைவுச்சின்னமே எழுப்பியது. ஆர்கன்சாவின் மாண்டிசெல்லோ கல்லூரித் தலைவர் ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் 1925-ல் இதே தர்க்கத்தில் போனார்: தெற்கை ஜெயித்தது வண்டு ஒன்றுதான், நம் பிள்ளைகளும் அப்படி ஜெயிக்கட்டும். அணி கூன்வண்டுகள் ஆயிற்று. பெண்கள் அணிக்கு மென்மையாக ஒன்று வேண்டுமென்று ‘பருத்திப் பூக்கள்’ என்றார்கள். வண்டு எதைத் தின்று வாழ்கிறது என்பதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அதே பருத்தி மண்ணில், மிசிசிப்பி மாநிலத்து கிளீவ்லாந்தில் டெல்டா ஸ்டேட். அதிகாரப்பூர்வப் பெயர் ‘ராஜதந்திரிகள்’. இதைக் கேட்டு எந்த எதிரணி நடுங்கும்? மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுவோம் என்கிற மாதிரி இருக்கிறது. 1980-களில் பேஸ்பால் பக்கமிருந்து முணுமுணுப்பு எழுந்தது. பச்சை நிறமாக இருக்க வேண்டும், சொரசொரப்பாக, பார்க்க ஒரு முரட்டுத்தனத்தோடு இருக்க வேண்டும் என்று தேடியதில் வெண்டைக்காய் அகப்பட்டது. மைதானத்தில் எத்தனை தடவை வெட்டினாலும் ஒரு வெண்டைச் செடி முளைத்துக்கொண்டே இருந்தது என்று இன்னொரு கதையும் உண்டு; கதை நன்றாக இருப்பதால் நம்பலாம். முகத்தைச் சுளித்து, கையில் குத்துச்சண்டை உறை மாட்டிய ‘சண்டைக்கார வெண்டைக்காய்’ பிறந்தது. வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று சொல்லி ஏமாற்றி வளர்க்கப்பட்ட நமக்கு, அதற்கு இன்னொரு முகம் இருப்பது தெரியாமல் போய்விட்டது. ராஜதந்திரிகள் இன்னும் காகிதத்தில் இருக்கிறார்கள். கூட்டம் கத்துவது வெண்டைக்காய்க்கு.

கடைசியாகக் கவிஞர்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் ஒரு ஊரை நிறுவி, தங்கள் சபைக் கவிஞரான ஜான் கிரீன்லீஃப் விட்டியரின் பெயரை வைத்தார்கள். கவிஞர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஊரின் பெயர் கல்லூரிக்கு வந்தது. கல்லூரியின் ஃபுட்பால் அணி கவிஞர்கள் ஆயிற்று. அடிதடியே கூடாது என்ற சபை, மூக்கு உடையும் விளையாட்டு, கவிஞர் என்ற பட்டம்.

1930-களின் தொடக்கத்தில் அந்த அணியில் ஒரு மாணவர். உடம்பும் இல்லை, வேகமும் இல்லை. பயிற்சிக்கு ஒருநாள் தவறமாட்டார். தடியர்கள் இடித்துப் பழக அவர் வசதியாக இருந்தார். ஆட்ட நாளில் பெரும்பாலும் பெஞ்சில் இருப்பார். 1934-ல் பட்டம் வாங்கிப்போன அவர் பெயர் ரிச்சர்ட் நிக்சன். கல்லூரி கொடுத்த கவிஞர் பட்டம் அவர்மேல் ஒட்டவே இல்லை. 1950 செனட் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஹெலன் கஹாகன் டக்ளஸின் தரப்பு ‘தில்லுமுல்லு டிக்’ என்று ஒரு பெயர் கொடுத்தது. அது வெள்ளை மாளிகைக்குள்ளும் அவரோடு போய், 1974-ல் அவரோடு வெளியேயும் வந்தது.